உள்ளே பேரன்... வெளியே அம்மாச்சி... திறக்க மறுக்கும் கதவு! தாழ்ப்பாள் ஜாம் ஆனால் என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசி மழை நாள். ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பேரன் விளையாட்டாகப் படுக்கையறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறான். 'டக்' என்று ஒரு சத்தம். வெளியே இருக்கும் அம்மாச்சி கைப்பிடியை அழுத்திப் பார்க்கிறார். அது சும்மா சுற்றுகிறது, கதவு அசையவில்லை. "அம்மாச்சி, திறக்க வரல" என்று உள்ளே அழுகை. அடுப்பில் பால் இருக்கிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, கதவை முழு பலத்தோடு தள்ளுவது. முதல் தப்பும் அதுதான். தள்ளத் தள்ள, தாழ்ப்பாளின் இரும்பு நிலையில் இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் திறந்திருக்க வேண்டிய கதவு, அரை மணி நேரம் ஆட்டம் காட்டும்.

தாழ்ப்பாள் ஏன் மாட்டிக்கொள்கிறது? உடைக்காமல் திறப்பது எப்படி? எப்போது யோசிக்காமல் உடைத்துவிட வேண்டும்? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் மழைக்காலம் வந்தாலே கதவு மக்கர் செய்வது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 விஷயங்கள்

• முதலில் அடுப்பை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் கதவு.
• உள்ளே இருப்பது யார், அவர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். மற்ற எல்லா முடிவும் இதை வைத்துத்தான்.
• கதவை ஒரே பக்கமாகத் தள்ளாதீர்கள். தாழ்ப்பாள் மேல் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.
• உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்றால் பூட்டு ரிப்பேர் செய்பவரைத் தேடாதீர்கள். 101 அல்லது 112.
• தாழ்ப்பாள் ஒரே நாளில் ஜாம் ஆவது குறைவு. பல நாட்களாகவே எச்சரிக்கை கொடுத்திருக்கும்.

உள்ளே இருப்பது யார்?

கதவு மாட்டிக்கொண்டதும் 'எப்படித் திறப்பது' என்ற கேள்விதான் முதலில் வரும். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டியது, 'நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது' என்பது. நிலைமையை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, அறைக்குள் யாரும் இல்லை, அல்லது நல்ல உடல்நலத்தோடு ஒரு பெரியவர் இருக்கிறார். இதில் அவசரம் எதுவும் இல்லை. நிதானமாக ஒவ்வொரு வழியாக முயற்சி செய்யலாம். ஆசாரி வரும் வரை காத்திருக்கலாம். கதவை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு, உள்ளே சின்னக் குழந்தையோ வயதானவரோ இருக்கிறார், ஆனால் நன்றாகப் பேசுகிறார். இங்கே 10 நிமிடம் என்று மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எளிய வழிகளை முயற்சி செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை உடனே கூப்பிட வேண்டும். 10 நிமிடத்தில் திறக்கவில்லை என்றால் தீயணைப்புத் துறைக்கு போன் போட்டுவிட வேண்டும்.

மூன்று, உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை. அல்லது விழுந்த சத்தம் கேட்டது. அல்லது கேஸ் வாடை, புகை வருகிறது. இங்கே கதவைப் பற்றிய கவலையே கூடாது. ஒருவர் 101 அல்லது 112-க்குப் பேச, இன்னொருவர் உடனே கதவை உடைக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108.

குறிப்பாக, குளியலறையில் கேஸ் கீசர் இருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டும். சரியான காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகலாம். இதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுவது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கதவு திறந்ததும் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்.

உங்கள் கதவில் இருப்பது எந்தத் தாழ்ப்பாள்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் 'தாழ்' திறக்கும் கதை புதிதல்ல. மார்கழியில் தெருவெல்லாம் ஒலிக்கும் ஆண்டாளின் திருப்பாவையில் 16-ம் பாசுரமே, வாயில் காப்பவரிடம் கதவின் தாளைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் பாட்டுதான். ஆனால் இன்றைய வீடுகளில் ஒரே மாதிரியான தாழ் கிடையாது. வாசலுக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. எது என்று தெரிந்தால்தான் திறக்கும் வழியும் தெரியும்.

1. தண்டுத் தாழ்ப்பாள்: கடைகளில் 'டவர் போல்ட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். கதவின் மேலேயோ கீழேயோ, நீளமான தண்டு ஒன்று நிலையில் இருக்கும் ஓட்டைக்குள் போய் நிற்கும். உள்ளே இருந்து மட்டும்தான் திறக்க முடியும்.

2. கொண்டியும் நாதாங்கியும்: பழைய மரக்கதவுகளில் இருப்பது. இது ஜாம் ஆவது அபூர்வம். ஆனால் கதவு இறங்கிப்போனால் கொண்டி நாதாங்கியில் இறுகிவிடும்.

3. பேபி லாட்ச்: குளியலறை பி.வி.சி. கதவுகளில் அதிகம் பார்க்கலாம். குட்டிக் குமிழைத் தள்ளினால் போடும், இழுத்தால் திறக்கும். இதுவும் உள்ளே இருந்து மட்டும்தான்.

4. உருண்டைக் குமிழ் பூட்டு: கைப்பிடியே பூட்டாக இருக்கும். உள்ளே நடுவில் ஒரு பட்டன், வெளியே சாவித் துவாரம் அல்லது சின்ன ஓட்டை.

5. கைப்பிடி வைத்த மார்டிஸ் பூட்டு: கதவின் தடிமனுக்குள்ளேயே பெட்டி போல் பதித்திருப்பார்கள். கைப்பிடியை அழுத்தினால், உள்ளே இருக்கும் சதுரத் தண்டு சுற்றி, பூட்டின் நாக்கை உள்ளே இழுக்கும். கைப்பிடியை விட்டதும் ஸ்பிரிங் நாக்கை மறுபடி வெளியே தள்ளும்.

ஆரம்பத்தில் சொன்ன ராஜபாளையம் வீட்டில் இருப்பது இந்த ஐந்தாவது வகை. கைப்பிடி சும்மா சுற்றுகிறது என்றால், கைப்பிடிக்கும் சதுரத் தண்டுக்கும் உள்ள பிடி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பூட்டு கெட்டுப்போகவில்லை, கைப்பிடியின் அசைவு பூட்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

உடைக்காமல் திறப்பது எப்படி?

முதல் வழி எல்லா வகைக்கும் பொது. அழுத்தத்தை எடுப்பது. ஒரு கையால் கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைத் திருப்புங்கள். வரவில்லையா? கதவைத் தள்ளிக்கொண்டே திருப்புங்கள். அதுவும் வரவில்லையா? கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாக மேலே தூக்கிக்கொண்டே திருப்புங்கள். பிறகு கீழே அமுக்கிக்கொண்டு. இந்த நான்கு திசையில் ஏதாவது ஒன்றில், நிலையில் உரசிக்கொண்டிருக்கும் நாக்கு விடுபட வாய்ப்பு அதிகம்.

கதவு தொங்கிப்போயிருந்தால் கையால் தூக்குவது கஷ்டம். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால், ஒரு பெரிய திருப்புளியையோ கம்பியையோ துணி சுற்றி உள்ளே கொடுத்து நெம்பலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தாலே போதும்.

குளியலறைக்குள் பெரியவர் மாட்டிக்கொண்டால் அவர் கையிலேயே மருந்து இருக்கிறது. சோப்பு! தண்டுத் தாழ்ப்பாளின் தண்டில் ஈரச் சோப்பைத் தேய்த்து, முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். அதே நேரம் வெளியே இருப்பவர் கதவைத் தள்ளியும் இழுத்தும் கொடுக்க வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே செய்தால் எந்த நிலையில் தண்டு லேசாகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். "இப்ப விடு... இப்ப இழு" என்று அவரே சொல்லட்டும்.

உருண்டைக் குமிழ் பூட்டில் உள்ளே பட்டன் அமுங்கிவிட்டால், வெளிப்பக்கக் குமிழின் நடுவில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்காகவே வைத்திருக்கும் ஓட்டை அது. நேராக்கிய ஊக்கு, மெல்லிய கம்பி ஏதாவது ஒன்றை நேராக உள்ளே விட்டு அழுத்தினால் பட்டன் விடுபடும். சில மாடல்களில் ஓட்டைக்குப் பதிலாக ஒரு கோடு போன்ற பள்ளம் இருக்கும். அதில் நாணயத்தின் விளிம்பையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் போதும்.

கைப்பிடி சும்மா சுற்றும் பூட்டில், வெளிப்பக்கம் ஸ்க்ரூ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அவற்றைக் கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிடலாம். உள்ளே சதுரத் தண்டு தெரியும். அதைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினால் நாக்கு உள்ளே போகும். தண்டு கழன்று மறுபக்கம் விழுந்திருந்தால், அந்தச் சதுர ஓட்டைக்குள் தட்டைத் திருப்புளியை இறுக்கமாகச் செருகித் திருப்பலாம்.

சினிமாவில் கார்டை வைத்துக் கதவைத் திறப்பது போல் முடியுமா? சில கதவுகளில் முடியும். பூட்டின் நாக்கு ஒரு பக்கம் சரிவாக, மறு பக்கம் நேராக இருக்கும். நீங்கள் தள்ளித் திறக்கும் கதவு என்றால், அந்தச் சரிவு உங்கள் பக்கம் இருக்கும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக்கைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நாக்கு இருக்கும் உயரத்தில் நுழைத்து, கதவை லேசாக ஆட்டிக்கொண்டே அழுத்தினால் நாக்கு பின்வாங்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம், பிளாஸ்டிக் ஃபைல் அட்டை இதற்கு நல்லது. ஏ.டி.எம். கார்டை விட்டுவிடுங்கள், உடைந்தால் இன்னொரு அலைச்சல். சாவி போட்டுப் பூட்டியிருந்தாலோ, தண்டுத் தாழ்ப்பாள் என்றாலோ இந்த வித்தை பலிக்காது.

கீலைக் கழற்றலாமா? கதவு உங்கள் பக்கம் திறக்கும் கதவாக இருந்தால்தான் கீலின் உருளை உங்கள் பக்கம் தெரியும். அதிலும் நடுவில் இருக்கும் ஊசி கழலும் வகையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கீழிருந்து ஆணியால் தட்டி ஊசியை மேலே எடுத்துவிட்டு, கதவைக் கீல் பக்கமாகப் பிரிக்கலாம். கனமான மரக்கதவு என்றால் இதை ஒரே ஆளாகச் செய்ய வேண்டாம். கதவு மேலே சாய்ந்துவிடும்.

ஜன்னல், வென்டிலேட்டரை மறந்துவிடாதீர்கள். பல குளியலறைகளில் சாய்வாக அடுக்கிய லூவர்ஸ் கண்ணாடிகள் இருக்கும். ஓரத்துப் பிடியை விலக்கி ஒவ்வொன்றாக வெளியே இழுத்து எடுத்துவிடலாம். ஆள் நுழைய முடியாவிட்டாலும், காற்று போகும், உள்ளே இருப்பவரின் முகம் தெரியும். அதுவே பெரிய தைரியம்.

உள்ளே குழந்தை இருந்தால் என்ன பேசுவது?

வெளியே நாலு பேர் கத்தினால், உள்ளே குழந்தை இன்னும் பயந்து அழும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். குழந்தைக்கு நன்றாகப் பழகிய குரலாக இருப்பது முக்கியம். தரையில் உட்கார்ந்து, கதவடியில் வாயை வைத்துப் பேசுங்கள். சத்தம் கீழ் இடைவெளி வழியாகத் தெளிவாகப் போகும்.

"கதவைத் திற, கதவைத் திற" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. "தங்கம், அம்மாச்சி இங்கதான் இருக்கேன். நீ போயி கட்டில் மேல உக்காரு. ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்" என்பது போல் ஒரே ஒரு வேலை கொடுங்கள். குழந்தை கதவை விட்டுத் தள்ளிப் போவதும், நீங்கள் அதன் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் இதில் நடந்துவிடும். பாட்டு நின்றால் ஏதோ மாறியிருக்கிறது என்று உங்களுக்கு உடனே தெரியும்.

நாலைந்து வயதுக் குழந்தை என்றால் சின்னச் சின்னக் கட்டளைகள் கொடுக்கலாம். கதவடியில் இடைவெளி இருந்தால் சாவியைத் துணியில் கட்டித் தள்ளிவிடலாம். ஸ்டூல் போட்டு ஏறச் சொல்வது மட்டும் வேண்டாம். மேல் தாழ்ப்பாளை எட்டப் போய் விழுந்தால், உள்ளே தூக்குவதற்கு யாரும் இல்லை.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால்?

தோளால் இடிப்பது சினிமாவுக்குச் சரி. நிஜத்தில் தோள்பட்டைதான் இறங்கும். ஷூ அல்லது கனமான செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலின் குதிகாலால் பூட்டுக்குப் பக்கத்தில் உதைக்க வேண்டும். பூட்டு மேலேயே உதைக்காதீர்கள், கதவின் நடுவிலும் வேண்டாம். நிலையில் தாழ்ப்பாள் போய் நிற்கும் இடம்தான் பலவீனமானது. மேலே தண்டுத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் கதவின் மேல் மூலையில் கடப்பாரையை வைத்து நெம்புவது சுலபம்.

இதற்கு முன் இரண்டு விஷயம். உள்ளே இருப்பவர் கதவுக்குப் பின்னால் இருக்கிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பதில் இல்லை என்றால், கதவடி இடைவெளியில் பாருங்கள். விழுந்தவர் கதவோரமாகவே கிடக்கலாம். அப்படி இருந்தால் உதைக்காமல், பலகையை வெட்டி எடுப்பதே பாதுகாப்பு. பி.வி.சி. கதவு என்றால் நடுப் பலகையை வெட்டியோ நெம்பியோ எடுப்பது கஷ்டமில்லை.

அடுத்து, கதவு உங்கள் பக்கம் இழுத்துத் திறக்கும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் உதைத்துப் பயன் இல்லை. நிலையின் விளிம்பே கதவைத் தாங்கிக்கொள்ளும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நெம்ப வேண்டும், அல்லது இடைவெளி வழியாக ஹேக்ஸா பிளேடால் தாழ்ப்பாளை அறுக்க வேண்டும். அலுமினியத் தாழ்ப்பாள் என்றால் சீக்கிரம் அறுந்துவிடும்.

மழைக்காலத்தில் கதவு ஏன் இறுகுகிறது?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 12 கி.மீ. இடைவெளியில் இருக்கும் ஊர்கள். கோடையில் காய்ச்சி எடுக்கும் வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்குவது மரக்கதவு.

மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதையே விட்டுவிடும். உறிஞ்சும்போது ஊதும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதாது. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் அதிகம். அதனால்தான் மழைக்காலத்தில் கதவின் உயரம் அப்படியே இருக்க, அகலம் கூடிப்போய் நிலையில் உரசுகிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஆசாரி விடும் இடைவெளியே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அது அடைபட்டதும் கதவை இடித்துச் சாத்த வேண்டியிருக்கும். தாழ்ப்பாளின் நாக்கும் அதன் ஓட்டையும் நேருக்கு நேர் நிற்காது.

பிளைவுட் ஃப்ளஷ் கதவு இவ்வளவு ஊதாது. ஆனால் அதன் அடிவிளிம்பில் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால், வீடு கழுவும் தண்ணீரும் குளியலறை ஈரமும் அடியிலிருந்து ஏறும். கதவின் அடிப்பகுதி உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரியத் தொடங்கும். கதவு பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அடிவிளிம்பு மட்டும் பச்சை மரமாகவே நிற்கும். பல வீடுகளில் இதுதான் நிலைமை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் கதவு உரசுகிறது என்று உடனே இழைப்புளி போட்டு இழைத்துவிடாதீர்கள். மாசி, பங்குனியில் மரம் காய்ந்து சுருங்கியதும் அதே கதவு லொடலொடவென்று ஆடும், தாழ்ப்பாள் எட்டாது. உரசும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் உரசினால் மட்டும் இழையுங்கள். இழைத்த இடத்தில் பச்சை மரம் தெரியும். அங்கே பிரைமரோ வார்னிஷோ கட்டாயம் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக ஊதும்.

தாழ்ப்பாள் கொடுக்கும் 4 எச்சரிக்கைகள்

'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு' என்று சொல்வோம். உண்மையில் நேற்றும் நன்றாக இருந்திருக்காது, நாம் பழகியிருப்போம். கீழே இருக்கும் நான்கில் ஒன்று இருந்தாலும் கதவைக் கவனிக்க வேண்டும்.

1. கதவைத் தூக்கி அல்லது இடித்துத்தான் தாழ்ப்பாள் போட முடிகிறது. அர்த்தம்: கதவு இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இறுக்கினால் சரியாகிவிடும். ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளை அல்லது மூங்கில் குச்சிகளைத் திணித்து, காய்ந்ததும் மறுபடி ஸ்க்ரூ போடுங்கள். அல்லது முன்பைவிட நீளமான ஸ்க்ரூவாக மாற்றுங்கள்.

2. கைப்பிடி லொடலொடவென்று ஆடுகிறது. அர்த்தம்: கைப்பிடியைத் தண்டோடு பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ கழன்றுகொண்டிருக்கிறது. ஒரு நிமிட வேலை. விட்டுவிட்டால் ஒரு நாள் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

3. கைப்பிடியை விட்டதும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அர்த்தம்: உள்ளே ஸ்பிரிங் பலவீனமாகிவிட்டது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. ஸ்பிரிங் உடைந்தால் நாக்கு சரியாக இயங்காது. இந்தப் பூட்டை மாற்றிவிடுவதே நல்லது.

4. நாக்கு ஓட்டைக்குள் போகும்போது 'கிரீச்' என்று உரசுகிறது. அர்த்தம்: நாக்கும் நிலையில் பதித்த தகட்டின் ஓட்டையும் நேராக இல்லை. நாக்கின் முனையில் குங்குமமோ கண்மையோ தடவிக் கதவைச் சாத்துங்கள். தகட்டில் எங்கே கறை படுகிறதோ அங்கேதான் உரசல். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் தகட்டை அரத்தால் ராவினால் போதும். அதற்கு மேல் என்றால் தகட்டைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா?

பூட்டு இறுகினால் வீட்டில் முதலில் தேடுவது தேங்காய் எண்ணெயைத்தான். அந்த நேரத்துக்கு அது வழிவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் பூட்டுக்குள் தங்கும் எண்ணெயில் தூசி ஒட்டும். நாளாக ஆகப் பிசுக்காகி நாக்கையே பிடித்துக்கொள்ளும். பஞ்சாலையும் தறியும் ஓடும் ராஜபாளையம் போன்ற ஊரில், பறந்து வரும் பஞ்சும் அந்தப் பிசுக்கில் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

கீல், தண்டுத் தாழ்ப்பாள் போன்றவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். வழிவதைத் துடைத்துவிட வேண்டும். சாவித் துவாரத்துக்கு எண்ணெயே வேண்டாம். பென்சில் முனையைத் தேய்த்து எடுத்த கரித்தூள் போதும். பென்சிலில் இருப்பது கிராஃபைட். அது வழுக்கும், தூசியைப் பிடிக்காது. துரு ஏறிய தாழ்ப்பாளுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே உதவும். ஆனால் அது துருவை இளக்குவதற்குத்தான். துரு போனதும் துடைத்துவிட்டு எண்ணெய் விட வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு

பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்க, ஊரில் தாத்தா, பாட்டி மட்டும் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். இவர்களுக்குத் தாழ்ப்பாள் ஜாம் ஆவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தாழ்ப்பாள் நன்றாக வேலை செய்யும்போதே, உள்ளே வழுக்கி விழுந்துவிடுவது. உதவிக்கு ஆள் வந்தாலும், தாழ்ப்பாள் வெளியே நிறுத்திவிடும்.

எளிய தீர்வு, தனியாக இருக்கும்போது குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் இருப்பது. இருவர் இருக்கும் வீட்டில் கூச்சமாக இருந்தால், ஆள் உள்ளே இருக்கும்போது கதவின் வெளிக் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிடலாம். துண்டு தொங்கினால் யாரும் திறக்கக் கூடாது என்பது வீட்டு விதி. குளிக்கப் போகும்போது மொபைலை ஈரம் படாத உயரத்தில் வைக்காமல், தரையில் கிடந்தாலும் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைப்பது இன்னும் நல்லது. வாசல் கதவின் இன்னொரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

புதிதாக மாற்றினால் என்ன வாங்கலாம்?

குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளியே இருந்து அவசரமாகத் திறக்க முடியுமா? குளியலறைக்கு, உள்ளே குமிழைத் திருப்பினால் பூட்டி, வெளியே நாணயத்தால் திறக்கும் வகைப் பூட்டுகள் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கின்றன. 'வெளிய இருந்து காசு வெச்சுத் திறக்குற மாதிரி பாத்ரூம் பூட்டு' என்று கேட்டாலே கடைக்காரருக்குப் புரியும்.

தண்டுத் தாழ்ப்பாள்தான் வேண்டும் என்றால், ஈரமான இடத்துக்கு மெல்லிய முலாம் பூசிய இரும்பு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை நல்லது. டவர் போல்ட்டுக்கென்றே இந்தியத் தரநிலைகள் அமைவனத்தின் ஐ.எஸ். 204 என்ற தரநிலை இருக்கிறது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சின்னக் குழந்தை இருக்கும் அறையில் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், அல்லது பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்துக்கு மாற்றுங்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, கதவின் மேல் விளிம்பில் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போட்டாலே போதும். இந்த வைத்தியத்துக்குச் செலவே இல்லை.

யாரைக் கூப்பிடுவது?

கதவு உரசுகிறது, இறங்கியிருக்கிறது என்றால் ஆசாரி. சாவி சுற்றவில்லை, பூட்டு உள்ளே உடைந்திருக்கிறது என்றால் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஆள் உள்ளே மாட்டியிருந்தால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. தீ பிடித்தால்தான் கூப்பிட வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். துறையின் பெயரிலேயே 'மீட்பு' இருக்கிறது. அறைக்குள் மாட்டிய குழந்தையை மீட்பதும் அவர்கள் வேலைதான்.

101-க்குப் பேசும்போது நான்கு விஷயம் சொன்னால் போதும். தெருவும் பக்கத்தில் இருக்கும் அடையாளமும், எந்த மாடி, உள்ளே இருப்பவரின் வயது, அவர் பதில் சொல்கிறாரா இல்லையா. போனை வைத்ததும் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும். வண்டி வீடு தேடும் நேரம் மிச்சம்.

இன்றைக்கே 5 நிமிடம்

இதைப் படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் உள்கதவுகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கைப்பிடியையும் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தாழ்ப்பாளையும் ஒரே விரலால் போட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே இருந்து திறக்க வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு திருப்புளியையும் கட்டிங் பிளேயரையும் அறைக்குள் வைக்காமல், ஹாலில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

ராஜபாளையம் வீட்டின் அந்தக் கைப்பிடிக்கு வருவோம். அம்மாச்சி அடுப்பை அணைத்துவிட்டு, பேரனைக் கட்டிலில் உட்கார வைத்துப் பாடச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனைத் திருப்புளியோடு கூப்பிட்டால் போதும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, தண்டைப் பிடித்துத் திருப்பினால் கதவு திறந்துவிடும். அந்தக் கைப்பிடி ஆடத் தொடங்கிய நாளிலேயே யாராவது அந்தக் குட்டி ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால், கதவு மாட்டியே இருக்காது.